மலைப் பாதையில் எறிந்த சோறு

தம்பி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாய். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராகப் போன இந்த நான்கு மாதத்தில் நீ எழுதிய முதல் நீண்ட கடிதம். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது படிக்கலாம் என்று எடுத்து வைத்தேன். பூசை முடிந்து நம் டத்தோ கிராமாட் தெரு வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் யாரென்று உனக்குத் தெரியும். உனக்குப் பேசியிருக்கும் செசிலி, அவளுடைய அப்பா, அம்மா. என்னிடம் படித்து இப்போது என் பள்ளியிலேயே ஆசிரியையாக இருக்கிற பெண்ணுக்கு, வரப்போகும் கணவனின் கடிதத்தை நானே படித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

நீ நன்றாக எழுதுகிறாய். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இருமுகிறவர்கள், கங்காணியின் தலைப்பாகை, துரை வீட்டு நாய் என்று ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு எழுந்தது. பிறகு அந்த மழை நாள் வந்தது. நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன், எழுதியது உனக்கு மறந்திருக்கலாம். "மழை கொட்டுகிற மத்தியானம் ஒருவன் ஓடி வந்து, பெண்சாதிக்கு மூன்று நாளாகக் குளிர் காய்ச்சல், லயத்துக்கு வந்து பாருங்கள் என்றான். அந்தச் சேற்றிலும் நாற்றத்திலும் யார் போவது? நடந்தால் கூட்டி வா, நடக்காவிட்டால் தூக்கி வா என்றேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்த கோழி மாதிரி வந்து நின்றாள். அவள்மேல் அடித்த வாடைக்கு நான் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் கொயினா மருந்து கொடுத்தேன்."

மூக்கில் பஞ்சு என்றதும் செசிலியின் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு நாக்கு நல்ல நாக்குலா, டீச்சர். ஆஸ்பத்திரியில விட்டுட்டோமே, கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கணும்" என்றார். உன் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், படிக்கிறவளே சிரிக்காவிட்டால் எப்படி? அந்தச் சிரிப்புக்கு நடுவில் செசிலி மட்டும், "அந்தம்மாவுக்கு அப்புறம் எப்படி இருக்காம், டீச்சர்?" என்று கேட்டாள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த பத்தி உன் அறைச் சன்னலைப் பற்றியது. "அது எழுதலையே" என்றேன். அவள் அம்மா சோறு ஆறிப்போகுது என்றார். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனோம். எனக்கு இரண்டு பிடிக்கு மேல் இறங்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. உன்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகு, அந்தக் குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, உனக்குப் பதினேழு வயதில், பள்ளி விடுமுறையில், உன் தங்கையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நாம் மூவரும் சைக்கிளில் கேமரன் மலைக்குப் போனோம். உன் அப்பா அதை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். படகில் அக்கரை போனது, புக்கிட் தெங்காவில் முதல் பஞ்சர், ஈப்போவில் என் சேலைத் தலைப்பு சங்கிலியில் சிக்கியது, தாப்பாவிலிருந்து மலை ஏறியது. புறப்படும் முன் சூலியா தெருவில் மூட்டைகளுக்கு மெழுகுத்துணி வாங்கினோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, துணி தரேன், காசும் வாங்கிக்கிறேன். ஆனா மலை மழைக்கு இது சும்மாலா. கப்பல் பாயை அறுத்துக் கட்டினாலும் நனையும்" என்றார். அதையும் அப்பா நடித்துக் காட்டுவார். ஆனால் ஐந்தாம் நாளை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்: "நல்ல மழை, ரோட்டு வேலைக்காரங்க லயத்தில் கொஞ்சம் ஒதுங்கினோம்." நானும் அந்த ஒரு வரியோடு இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. மறக்கவிடாத அளவுக்கு அருவருப்பாக இருந்தது. காலையில் தாப்பாவை விட்டபோதே தூறல். பாதை ஏற ஏற இரு பக்கமும் காடு நெருங்கி, மேலே வானம் ஒரு கிழிசல் அளவுக்குத்தான் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளினோம். அழுகிய இலையின் வாடை, மூங்கில் புதரிலிருந்து சொட்டும் கறுப்புத் தண்ணீர், காலடியில் சோப்பு மாதிரி வழுக்கும் செம்மண். என் சேலை நனைந்து ஈரச் சாக்காகக் காலில் சுற்றிக்கொண்டது. நீ நின்று காலுறையை இறக்கினாய். உள்ளே ஏழெட்டு அட்டை, இரத்தம் குடித்துத் திராட்சை போல ஊதிக் கிடந்தன. என் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, கழுத்தில் ஒன்று. கழுத்தில் இருந்ததைப் பிய்த்தபோது அது என் விரலில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடியது. நான் நடுரோட்டில் நின்று வாந்தி எடுத்தேன். அப்பா மைல் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவில் அந்த லயம் இருந்தது. தகரக் கூரை, ஆறு அறைகள், வாசலை ஒட்டி ஓடும் சாக்கடை. ரோட்டில் மண் சரிந்தால் அள்ளுகிறவர்களும், ஓரத்துப் புல் வெட்டுகிறவர்களும் இருந்தார்கள். மழையில் வேலை இல்லாமல் எல்லோரும் வாசலில் குந்தியிருந்தார்கள். அவர்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர் ஓடிவந்து நம் சைக்கிள்களை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி கையில் பிள்ளையோடு நின்று நம்மை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். "வெள்ளக்காரன் காருல போறான். நாங்க நடந்து போறோம். நீங்க படிச்சவுக, இருக்கிற வண்டியையும் தள்ளிக்கிட்டு வாறீக. எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டீகம்மா?" என்றாள். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. கூலிக்காரி என்னைக் கேலி செய்கிறாளே என்றுதான் பட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஈர விறகின் புகை, வேகவைத்த கம்பளி மாதிரி ஒரு வாடை, பிள்ளை நனைத்த பாய், மூலையில் கோழி எச்சம். நான் பெண்களுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். கண்ணில் பட்டதையெல்லாம் என் மனம் வரிசையாகக் குறித்துக்கொண்டது: ஈ, ஈரம், புகை, மூடாத தண்ணீர்ப் பானை. அப்போதுதான் அப்பா, மரியாதையாகப் பேச்சுக் கொடுப்பது போல, "நீங்க எந்தப் பக்கம்?" என்று மண்டோரைக் கேட்டார். "சேலம் பக்கங்க." "சேலத்துல?" அவர் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்து, "ஊருக்கு வெளியிலங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் கையில் கொடுத்த தேநீர்க் குவளை வாய்க்குப் போகவில்லை. ஆறும்வரை பிடித்திருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பெஞ்சுக்கு அடியில் மண் தரையில் ஊற்றினார். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆன குடும்பம் நம்முடையது. கோயிலில் ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை வாங்குகிறவர்கள். சாதி என்று சொல்ல நமக்கு வெட்கம். படித்த பிறகு கிருமி என்று சொல்லக் கற்றுக்கொண்டோம்.

அந்த அம்மாள் உன் காலைப் பார்த்துவிட்டாள். நீ அட்டைகளைப் பிய்க்கப் போனாய். "சும்மா இருங்க தம்பி, பிச்சா புண்ணாயிரும்" என்று உன் முன்னால் குந்தினாள். வாயில் மென்றுகொண்டிருந்த புகையிலையைக் கையில் துப்பி, அந்தச் சாற்றை அட்டைகள்மேல் தடவினாள். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. நீ அதை வேடிக்கையாகப் பார்த்துச் சிரித்தாய். "ஒங்க ரத்தம் ருசியாத்தான் இருக்கும்போல தம்பி. எங்க வூட்டுக்காரரை ஒண்ணுகூடக் கடிக்காது" என்றாள். அடுத்து, நான் அட்டையைப் பிய்த்துப் புண்ணாக்கிய என் கழுத்துப் பக்கம் அந்தக் கை வந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன். "தொடாதே" என்றேன். நான் பள்ளியில் பிள்ளைகளிடம்கூட அந்தக் குரலில் பேசியதில்லை. அவள் கையைப் பின்னால் இழுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றாள். என் கழுத்திலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. எச்சில் படுவதைவிட அது மேல் என்று இருந்துவிட்டேன்.

பிறகு சாப்பாடு. முதல் நாள் அவர்களுக்கு ஒரு காட்டுப்பன்றி கிடைத்திருந்தது. அடுப்பில் கறி கொதித்தது. மூன்று தட்டு எடுத்து வைத்தாள். எனக்கு ஒரு வழி கிடைத்தது. "நாங்க வேதக்காரங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம். கறி தொட மாட்டோம்" என்றேன். பொய் இல்லை. அன்று வெள்ளிக்கிழமைதான். ஆனால் அதைச் சொன்ன வாய் பொய்யான வாய். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அம்புட்டுத்தானா? கருவாடு இருக்கே. வெள்ளிக்கிழமைக்குக் கருவாடு ஆகும்னு கடைசி ரூம்புல ஒரு வேதக்காரம்மா சொல்லும். வேற சட்டியிலயே வறுக்கிறேன்" என்று கறியை இறக்கி வைத்தாள். பக்கத்து அறைக்கு ஓடி, புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்தாள். என் வேதத்தை என்னைவிட அவள் மதித்தாள். அப்பா உடனே வயிறு சரியில்லை என்றார். எனக்கும் பசி இல்லை என்றேன். நீ மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாய். கருவாட்டை ஒடித்துச் சோற்றில் பிசைந்து, "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டாய். அவள் உன் தட்டில் போட்டுவிட்டு, "பிள்ளை பசியோட வந்திருக்கு, பெத்தவுகளுக்குத் தெரியல" என்றாள். நான் உன்னைப் பார்த்தேன். அந்தப் பார்வை உனக்குப் பழக்கமானது. நீ அடுத்த பிடியை எடுக்காமல் கையைக் கழுவிவிட்டாய்.

மழை சற்று விட்டதும் கிளம்பினோம். பசி இல்லை என்றவளுக்கு வழியில் பசிக்கும் என்று காட்டு வாழை இலையில் சோறும் கருவாடும் கட்டி, நாரால் முடிந்து, என் சைக்கிள் கூடையில் வைத்தாள். நாம் வளைவு தாண்டினோம். லயம் மறைந்துவிட்டது என்று நினைத்து நான் நின்றேன். பொட்டலத்தை எடுத்துப் பள்ளத்தில் எறிந்தேன். பாதியிலேயே இலை பிரிந்துவிட்டது. சோறு பள்ளத்துக்குப் போகவில்லை. ரோட்டோரப் பெரணிச் செடிமேல் வெள்ளையாகக் கொட்டி ஒட்டிக்கொண்டது. திரும்பினால் அவள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் சாக்கு, வெறுங்கால், ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் நம் காற்றடிக்கும் பம்பு. "இதை விட்டுட்டு வந்துட்டீகளே. மேல பஞ்சரானா என்ன செய்வீக?" என்று நீட்டினாள். நான் வாங்கினேன். அவள் செடியைப் பார்த்தாள். சோற்றைப் பார்த்தாள் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. பிறகு, "வழுக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். "நல்லவேளை, பம்பு கிடைச்சுது" என்றார் உன் அப்பா.

தம்பி, இதுவரை நீ நினைவில் வைத்திருப்பாய். இனி எழுதப்போவதை நீ மறந்திருப்பாய். அரை மைல் போனதும் நீ என் பக்கத்தில் வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "எறிஞ்சது நல்லதும்மா. ஒரே நாத்தம். எனக்கும் குமட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு" என்றாய். பொய். அரை மணிக்கு முன் இன்னும் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளை நீ. நான் கூனிக் குறுகி நடப்பதைப் பார்த்து, என்னைத் தூக்கி நிறுத்த அந்தப் பொய்யைச் சொன்னாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இல்லை, நாற்றம் நம்முடையது என்று சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் மழைக்கு முதுகைக் காட்டி நின்று, பிஸ்கட் டின்னைத் திறந்து, உனக்கு முதலில் கொடுத்தேன். நாய்க்குட்டிக்கு வித்தை பழக்குகிறவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள். நீயும் வாங்கித் தின்றாய். மேலே போகப் போக இன்னும் சொன்னாய். அந்த ஆளின் பல், அந்தப் பிள்ளையின் மூக்கு, கோழி. நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். மூவரும் சிரித்துக்கொண்டே மலை ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கேட்ட சிரிப்பு அதே சிரிப்புதான்.

நீ அருவருப்போடு பிறந்தவன் இல்லை. உனக்குப் பத்து வயதில் உன் தங்கைக்கு அம்மை வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். அவளுக்கு வாந்தி வந்ததும், பாத்திரம் கைக்கு எட்டாமல், நீ இரண்டு கையையும் குவித்து அவள் வாய்க்குக் கீழே பிடித்தாயாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அதைச் சொல்லவே இல்லை. உனக்கு அது சொல்லத்தக்க விஷயமாகத் தோன்றவில்லை. அந்தக் கையை நம்பித்தான் நீ வைத்தியம் படிக்கிறேன் என்றபோது சரி என்றேன். அந்தக் கைதான் இப்போது மூக்கில் பஞ்சு வைத்துக்கொள்கிறது. இடையில் நடந்தது என் வளர்ப்பு.

மலையிலிருந்து திரும்பி வந்து, கோயில் கூண்டில் மண்டியிட்டு நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். "உணவை வீணாக்கினேன், சாமி" என்றேன். சாமியார் மூன்று முறை 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லச் சொன்னார். கல்லூரியில் படித்த புத்தி, பாவத்துக்குச் சின்னப் பெயராகத் தேடி வைத்துக் கொடுத்தது. அந்த அம்மாளின் பெயரை நான் கேட்கவே இல்லை என்பதோ, பிள்ளையின் பொய்க்குப் பிஸ்கட் கொடுத்தேன் என்பதோ அந்தக் கூண்டுக்குள் வரவில்லை. மூன்று மந்திரத்தில் தீர்ந்தது என்று வெளியே வந்து, வெயிலில் குடை பிடித்து வீட்டுக்கு நடந்தேன். இன்று அந்தப் பெண்பிள்ளையை, அதாவது அன்றைய என்னை, எதிரே பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். அட்டையைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தகுதி வரும்வரை காத்திருந்தால் நீ அந்த ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் இப்படியே இருந்துவிடுவாய். ஆகவே சொல்கிறேன். நாற்றம் அடிக்கத்தான் செய்யும். அடிக்கவில்லை என்று பொய் சொல்லாதே. ஈரத்தில் வாழ்கிறவர்கள்மேல் ஈரவாடை வரும். அவர்களை அந்த ஈரத்தில் வைத்திருக்கிறவர்கள்மேல் வருவதில்லை, அவ்வளவுதான். மூக்கைப் பிடிக்காமல் போ. குமட்டினால் வெளியே வந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போ. மழையில் நீ நனை. காய்ச்சல்காரியை நனைய விடாதே. தேநீர் கொடுத்தால் குடி. அதையெல்லாம் கதையாக எழுதி எங்களுக்கு அனுப்பாதே. சிரிக்க நாங்கள் எப்போதும் தயாராக இருக்கிறோம், அதுதான் ஆபத்து.

நேற்றுப் பள்ளி விட்டதும் செசிலியை என் வகுப்பறையிலேயே உட்காரவைத்து, இதில் எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சுக்கு அடியில் ஊற்றிய தேநீர் உட்பட. "அவனை இப்படிப் பழக்கினது நான். இதைத் தெரிஞ்சுக்கிட்டு நீ முடிவு பண்ணும்மா. உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அவள் மேசைமேல் கிடந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நான் கேட்டது ஒரே கேள்விதான், டீச்சர். அதுக்கு அவங்ககிட்டேயிருந்து பதில் வரட்டும்" என்றாள். அவளுக்கு உன் வாக்குறுதி வேண்டாம். உன் மன்னிப்பும் வேண்டாம். உன் அப்பாவுக்கு இந்தப் பேச்சு இன்னும் தெரியாது. தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நடக்கட்டும்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் எழுந்து அந்தக் காய்ச்சல்காரியின் லயத்துக்குப் போ. மழையாக இருந்தாலும் போ. அவள் பிழைத்திருந்தால் பெயரைக் கேட்டு எழுது, காய்ச்சல் எப்போது விட்டது என்று எழுது. செத்துப்போயிருந்தால் அதை எழுது. வேறு எதையும் சேர்க்காதே. பதிலை என் பெயருக்கே அனுப்பு. நான் அதைப் படிக்கப்போவதில்லை. உறையைப் பிரிக்காமல் செசிலியிடம் கொடுத்துவிடுவேன்.

அம்மா